தலைவரின் ஹேண்டில்பார்

துன்பம்தான் மனிதனைச் செதுக்குகிறது. சுகம் அவனை மழுங்கடிக்கிறது. மலைகளைக் கடந்தவர்களும் பாலைகளைக் கடந்தவர்களும் மெத்தென்ற இருக்கையில் உட்கார்ந்து அதைச் செய்ததாக வரலாற்றில் எங்கும் இல்லை. பெண்டிகோ நெடுந்தொலைவு சைக்கிள் கிளப்பின் தலைவர் லிண்ட்ஸே ஹாட்ரிக் இதை மாத இதழின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். கையெழுத்தைப் போட்டது அவர் மனைவி. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போய் லிண்ட்ஸேக்கு ஆறு வாரம் ஆகியிருந்தது. பேனா கையில் நிற்கவில்லை.

லிண்ட்ஸேக்கு ஐம்பத்தேழு வயது. தொழில் பல் மருத்துவம். வாரத்தில் ஐந்து நாள் ஊராரை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பார். ஆறாம் நாள் தானே வாயைத் திறந்தபடி மேடு ஏறுவார். கிளப்புக்குப் பதினான்கு விதிகள் எழுதி வைத்தவரும் அவர்தான். காலில் முடி இருக்கக் கூடாது. காலுறை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும், ஐந்தாவது விரலுக்குப் போகக் கூடாது. வசந்தகாலத்தில் மேக்பை பறவைகள் பின்னாலிருந்து வந்து தலையைக் கொத்தினாலும், ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி வரக் கூடாது. இதெல்லாம் சில்லறை. முதல் விதிதான் விதி: ஹேண்டில்பாரின் கழுத்துக்கு அடியில் வளையம் போடக் கூடாது.

வளையம் என்பது பெரிய மோதிரம் அளவுக்கு ஒரு சாதனம். ஒவ்வொன்றும் அரை விரல் உயரம் இருக்கும். அதை அடியில் போட்டால் ஹேண்டில்பார் உயரும், முதுகு நிமிரும், கையில் இறங்குகிற பாரம் குறையும். சுருக்கமாகச் சொன்னால் மனிதனைப் போல உட்காரலாம். அதைத்தான் விதி தடுத்தது. 'வசதி சோபாவுக்கு உரியது' என்று கீழே விளக்கமும் இருந்தது.

போன வருஷம் நெவில் ஆக்ஸ்லேடு என்ற பள்ளி ஆசிரியர் புதிதாகச் சேர்ந்தபோது, மூன்று வளையம் போட்ட சைக்கிளில் வந்து நின்றார். சனிக்கிழமை காலை, நீரூற்றுக்கு எதிரே இருக்கும் காபிக் கடை. சைக்கிள்களையெல்லாம் சுவரில் சாய்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்பா நெவில்," என்றார் லிண்ட்ஸே, காபியைக் கலக்கியபடி, "வரும்போதே முட்டையும் பாலும் வாங்கிட்டு வந்துட்டியா? கூடைய எங்க காணோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நெவில் வளையம் இல்லாமல் வந்தார். அதற்கு அடுத்த வாரம் வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று செய்தி வந்தது. பிறகு செய்தியும் வரவில்லை.

லிண்ட்ஸேயின் சொந்த சைக்கிள் கத்தி மாதிரி மெலிந்தது. ஹேண்டில்பார் சீட்டைவிட ஒரு சாண் கீழே. அதில் ஏறினால் அவர் கண்ணுக்குத் தெரிவது முன் சக்கரமும், அதற்கு முன்னால் மூன்று முழத் தார்ச் சாலையும்தான். பதினொரு வருஷமாக விக்டோரியா மாநிலத்தின் பெரும்பகுதியை அவர் இப்படித்தான் பார்த்திருந்தார்.

விரல் விஷயத்தை அவர் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் ஒரு செவ்வாய்க்கிழமை தானாக வந்தது. மிஸஸ் பெங்கெல்லியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையிலிருந்த சிறு கண்ணாடி நழுவி அந்த அம்மாளின் நாக்கில் விழுந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மாள் அதை எடுத்து நீட்டினாள். "இது என்னோடதா, உங்களோடதா டாக்டர்?"

கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து வரவேற்பு முதல் சம்பளம் வரை பார்த்துக்கொள்பவள் அவர் மனைவி பிரான்வின். அன்று சாயங்காலம் அவளே மெல்போர்ன் நரம்பு டாக்டருக்கு நேரம் வாங்கினாள், அவளே காரை ஓட்டினாள். டாக்டர் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் ஒரு இடத்தை அழுத்தினார். லிண்ட்ஸே நாற்காலியிலிருந்து ஒரு அங்குலம் எழும்பினார். இந்த நரம்பின் மேல் உடம்பின் பாதி எடையைப் போட்டு வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறீர்கள், இனியும் ஓட்டினால் விரல் திரும்பாது என்றார் டாக்டர். அவரும் சைக்கிள் ஓட்டுபவர்தான். அவருடைய சைக்கிள் வராந்தாவில் நின்றது. அதில் நாலு வளையம்.

பிரான்வின் காரைத் திருப்பிப் பெண்டிகோ சாலையில் ஏற்றினாள். பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கையா, சைக்கிளா?"

"ரெண்டும்."

"சரி. அப்ப வசதியா ஒரு சைக்கிள் வாங்கு. செப்டம்பர்ல உங்க இருநூறு கிலோமீட்டர் வருதில்ல, அதையும் ஓட்டு. அது முடிஞ்ச திங்கக்கிழமை காலைல நீ கண்ணை மூடு, நான் அந்த ரெண்டு வெரலுக்கு நடுவுல அஞ்சு சென்டோ பத்து சென்டோ ஒரு காசு வெப்பேன். எதுன்னு சொல்லிட்டா நீ பாட்டுக்கு ஓட்டிக்கோ. சொல்லலைன்னா அன்னைக்கே எல்லா சைக்கிளையும் விக்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"பம்பைக் கூட."

அந்த இருநூறை அவர் கடந்த இரண்டு வருஷமும் முடிக்கவில்லை. இரண்டு முறையும் ரஷ்வொர்த் ஊரில், பாதி வழியில், கை விறைத்து இறங்கிவிட்டார். இதழில் 'இயந்திரக் கோளாறு' என்று வந்திருந்தது.

பெண்டிகோவில் சைக்கிள் கடைக்குப் போனால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி காசில்மெய்னுக்குப் போனார். மனைவியின் காரில், கறுப்புக் கண்ணாடியும் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியுமாக. கடைக்காரி கிர்ஸ்டி நான்கெர்விஸ் ஒரு சக்கரத்தைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, காதில் பென்சில்.

"எங்க வலிக்குது?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"வலின்னு ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதே கேள்வியை அவர் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்பவர். இதே பதிலைத்தான் அவர்களும் சொல்வார்கள், வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்தபடி.

"சும்மா பாக்கறவங்க பெண்டிகோலயே பாத்துக்குவாங்க தலைவரே."

லிண்ட்ஸே தொப்பியைக் கழற்றினார்.

"மாத இதழ்ல உங்க போட்டோ வருதே," என்றாள் கிர்ஸ்டி. "கீழ இருந்து மேல பாத்து எடுத்தது. உங்க பதினாலு விதியையும் எங்க கழிவறைல ஒட்டி வெச்சிருக்கேன். வர்றவங்க வெளிய வர லேட்டாகுது."

அவரை அளவெடுக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குனிந்து காலைத் தொடச் சொன்னாள். லிண்ட்ஸே குனிந்தார். கை முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?"

"இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி."

அவள் நோட்டில் 'முழங்கால்' என்று எழுதிக்கொண்டாள். பிறகு மூன்று சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினாள். லிண்ட்ஸே பழக்கதோஷத்தில் முதல் சைக்கிளின் மேல்குழாயைப் பிடித்துத் தூக்கி எடை பார்த்தார். சைக்கிளைக் கையால் தூக்கிப் பார்க்காமல் பேச்சை ஆரம்பிப்பது அவர்கள் கூட்டத்தில் மரியாதைக் குறைவு.

"ஏழு கிலோ இருக்குமா?"

"ஏழரை. பக்கத்துல இருக்கறது ஒம்போது. அதைத்தான் நீங்க எடுக்கணும்."

"ஒன்றரைக் கிலோ ஜாஸ்தியாச்சே."

கிர்ஸ்டி அவர் வயிற்றைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"இங்க பாருங்க," என்றாள். "முதல் சைக்கிள் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கறதோட தம்பி. ஒரு மணி நேரம் பறக்கலாம், ரெண்டாவது மணி நேரம் கைக்கு மருந்து தடவலாம். இந்த ரெண்டாவதுக்கு முன்பக்கம் ஒசரம், நீளம் கம்மி. நீங்க எட்டிப் பிடிக்க வேணாம், அது உங்க கைக்கு வரும். டயரு அகலம். காத்தைக் கொஞ்சம் கம்மியா அடிச்சா ரோட்டுல இருக்கற கல்லெல்லாம் டயருக்குத் தெரியும், உங்க மணிக்கட்டுக்குத் தெரியாது. சீட்டுக் கம்பி லேசா வளஞ்சு குடுக்கும். பின்னாடி பெரிய பல்சக்கரம், மேட்டுல சின்னக் கியர் போட்டு உக்காந்துகிட்டே ஏறலாம்."

"எந்திரிச்சு மிதிக்கறதுதான் நம்ம..."

"ஏழாவது விதி. தெரியும். மூணாவது இரும்பு பிரேம், இன்னும் சொகுசு. ஆனா அதை வாங்க உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். இன்னும் மனசு பக்குவப்படல."

லிண்ட்ஸே இரண்டாவது சைக்கிளைச் சுற்றி வந்தார். சாம்பல் நிறம். முன்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சைக்கிள் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது அவருக்கு அசிங்கமாகத்தான் பட்டது.

"இதுல கொஞ்சம் சின்ன சைஸ் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"பாக்க ஒடிசலா இருக்கும்." அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வசதியா இருக்கணும். ஆனா வசதியா இருக்கறது வெளிய தெரியக் கூடாது."

"ஓ. பல்செட்டு மாதிரி."

லிண்ட்ஸே வாயை மூடிக்கொண்டார்.

"தலைவரே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க கிளப்பு ஆளுங்க கொஞ்சப் பேரு என் வாடிக்கைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வளையத்தை எடுத்து மேல போட்டு ஹேண்டில்பாரை இறக்கிட்டுப் போவாங்க. சனிக்கிழமை உங்களோட காபி குடிப்பாங்க. திங்கக்கிழமை வந்து ஏத்திட்டுப் போவாங்க. இதுக்குன்னே வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் லேட்டா கடையை மூடறேன்."

"யாரு?"

"யாருக்கு எந்தப் பல்லு சொந்தப் பல்லு இல்லன்னு நீங்க என்கிட்ட சொல்லுவீங்களா?"

அவர் சரியான அளவையே எடுத்துக்கொண்டார். கிர்ஸ்டி மூன்று வளையங்களை அடியில் போட்டுக் கொடுத்தாள். கடைக்குப் பின்னால் சந்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். கழுத்தைத் தூக்காமலே வானம் தெரிந்தது. மின்கம்பியில் சாம்பலும் ரோஜாவுமாகக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தன. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த சுமையை எவனோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்டது போல் இருந்தது. அந்தச் சந்திலேயே படுத்துத் தூங்கிவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு ஒரு அசதி அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த மூன்று வாரம் யாரும் வராத மண்பாதைகளில், காலையில் வேலைக்கு முன்னால், தனியாக ஓட்டினார். விரலில் முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஊசி குத்தியது. குத்துவது நல்ல சேதி என்று மெல்போர்ன் டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் கிளப்பை, 'கிளினிக்கில் அவசரம்' என்று தவிர்த்தார். இருநூறைத் தவிர்க்க முடியாது. தலைவர் கொடி அசைத்து, முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் ஷெட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆறுமுனை ஆலன் கீயால் திருகுகளைத் தளர்த்தி, மூன்று வளையங்களையும் கழற்றி, ஹேண்டில்பாரை இறக்கி, வளையங்களை அதன் தலைக்கு மேலே போட்டு முடுக்கினார். நடுக்குழாய் மேலே குடுமி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லை. ஆனால் தாழ்வாக இருந்தது.

பிரான்வின் துணி உலர்த்தும் கூடையோடு வாசலில் நின்றாள்.

"என்ன பண்ற?"

"லூஸா இருந்துச்சு. முடுக்கறேன்."

"இறக்கி முடுக்கறியா?"

அவர் அடுத்த திருகை முடுக்கினார். அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"பதினேழு பேரு, நம்மூர்க் காபிக் கடை, ஒரு சைக்கிளு. அதுக்காக உன் வெரலைக் குடுக்கறியா லிண்ட்ஸே? எனக்கு சண்டை போடக்கூடத் தெம்பில்ல. திங்கக்கிழமை காசோட நிப்பேன். அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை ஆறு மணி. புல்லில் உறைபனி. பதினேழு பேர் மூச்சில் புகைவிட்டுக்கொண்டு நின்றார்கள். லிண்ட்ஸேயின் கண் அன்று முதல் முறையாகச் சைக்கிள்களின் கழுத்துக்குப் போயிற்று. டாரில் வெஸ்காட் கிளப்பின் செயலாளர். அவர் சைக்கிளில் குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தது, மூன்று வளையங்களோடு. பக்கத்தில் இருந்ததிலும். அதற்குப் பக்கத்தில் இருந்ததில் நாலு வளையம். வரிசையாகக் குடுமிகள். இத்தனை வருஷமாக இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தும் அவர் பார்த்திருக்கவில்லை.

"புது சைக்கிளா தலைவரே?" என்றார் டாரில். "அருமையா தாழ்வா இருக்கு. மேல நீட்டற குழாயை இன்னும் வெட்டலையா?"

"நேரம் கிடைக்கல. உன்னோடது?"

"எனக்கும்தான். நாலு வருஷமா நேரமே இல்ல."

இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் ஒருவர்மீது மட்டும் எந்த விதியும் செல்லாது. மெர்வ் டிரெம்பாத், எழுபத்தொரு வயது, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம், சீட்டின் மேல் ஆட்டுத் தோல், முன்னால் சாப்பாட்டுப் பை, ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகள். விதிகள் வருவதற்கு முன்பே சேர்ந்தவர் என்பதால், 'பாரம்பரியச் சின்னம்' என்று கமிட்டி தீர்மானம் போட்டு அவரை விட்டுவைத்திருந்தது. அவருக்குப் பின்னால் ஐரீன் சொமர்வில் தன் மடக்கு சைக்கிளை விரித்துக்கொண்டிருந்தாள்; பதினான்கு விதிகளிலும் மடக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் இல்லை.

"இன்னைக்காவது முழுசா வருவியா தம்பி?" என்றார் மெர்வ். "இல்ல, மறுபடியும் இயந்திரக் கோளாறா?"

ஹீத்கோட் வரை ஒன்றுமில்லை. அதற்குப் பின் இருபுறமும் கடுகு வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். லிண்ட்ஸேக்கு முன் சக்கரமும் மூன்று முழத் தாரும் தெரிந்தன. எழுபதாவது கிலோமீட்டரில் சுண்டுவிரல் போயிற்று. எண்பதில் மோதிரவிரல். மேக்பை ஒன்று இரண்டு முறை வந்து ஹெல்மெட்டில் கொத்திவிட்டுப் போனது. கையைத் தூக்கி விரட்டவும் முடியவில்லை. கையை எடுத்தால் திரும்ப வைக்கும் இடம் தெரியாது. திங்கட்கிழமை நாணயத்தைப் பற்றி நினைத்தார். விற்பனை விளம்பரத்தைப் பிரான்வின் எப்படி எழுதுவாள் என்று நினைத்தார். சுருக்கமாகத்தான் எழுதுவாள். இறங்கி, வேலி ஓரமாக உட்கார்ந்து, யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடலாம். மூன்றாவது வருஷம் அதற்குப் புதுக் காரணம் ஒன்றும் தேட வேண்டியதில்லை. அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

ரஷ்வொர்த்தில் பேக்கரி வராந்தாவில் டாரில் மேசை போட்டுப் பயண அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தைத் தக்காளிச் சாஸோடு தின்றுகொண்டிருந்தார்கள். லிண்ட்ஸே சட்டையின் முதுகுப் பையில் கையை விட்டார். அட்டை இருந்தது. ஆனால் விரல் அதைப் பிடிக்கவில்லை. மூன்று முறை முயன்று பார்த்தார். நாலாவது முறை மெர்வ் எடுத்துக் கொடுத்தார்.

லிண்ட்ஸே குரலைத் தாழ்த்தினார். "மெர்வ், உங்ககிட்ட ஆலன் கீ இருக்கா?"

ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஆலன் கீயா? எதுக்கு? ஹேண்டில்பாரைத் தூக்கவா?"

வராந்தா முழுக்க மெல்லுவது நின்றது.

லிண்ட்ஸே சுற்றிப் பார்த்தார். பதினாறு முகம். சொல்வதற்கு அவரிடம் நாலைந்து வாக்கியங்கள் இருந்தன. எல்லாமே மாத இதழில் வந்தவை. களைப்பாக இருந்தது.

"ஆமா," என்றார். "கை போச்சு. மூணு வளையத்தையும் கீழ போடணும். கீயைத் திருப்ப என்னால முடியாது. நீங்களே போட்டுக் குடுங்க."

மெர்வ் சாஸ் படிந்த விரலை நக்கிவிட்டு, பையிலிருந்து கீயை எடுத்தார். அவர் திருகத் திருக, குழாயில் உலோகம் உரசும் ஓசை வராந்தா முழுக்கக் கேட்டது. ஹேண்டில்பார் உயர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாரில் முத்திரைக் கட்டையை மேசையில் வைத்தார்.

"மெர்வ் அண்ணே," என்றார், மேசையைப் பார்த்தபடி. "முடிச்சதும் அந்தக் கீயைக் கொஞ்சம் குடுங்க."

"உனக்கு எதுக்குடா?"

"குடுங்களேன்."

டாரிலுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ரேஷன் கடை மாதிரி வரிசை வளர்ந்தது. சைக்கிளைத் தலைகீழாக வைத்துக்கொண்டும் தூணில் சாய்த்துக்கொண்டும் காத்திருந்தார்கள். லிண்ட்ஸே எண்ணிப் பார்த்தார்: ஒன்பது பேர்.

"எத்தனை வருஷமா?" என்று டாரிலிடம் கேட்டார்.

"நாலு. அந்த நெவிலை நீங்க முட்டையும் பாலும் கேட்டீங்களே, அன்னைக்கு நானும் சேந்து சிரிச்சேன். அப்ப என் சைக்கிள் இறக்கி வெச்சு பன்னெண்டு மணி நேரம்கூட ஆகல."

"சொல்லிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா?"

லிண்ட்ஸே இறைச்சிப் பலகாரத்தை எடுத்துக் கடித்தார். ஆறிப்போயிருந்தது. நெவிலுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தார். என்ன சொல்வது என்று நினைத்தார்.

மிச்சம் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, திருட்டுத்தனம் தீர்ந்த பிள்ளைகள் மாதிரி கலகலவென்று பேசிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் அவர்கள் குரல் காற்றில் வந்தது. பிறகு வரவில்லை. மெர்வ் மட்டும் ஒரு ஐந்து கிலோமீட்டர் கூடவே வந்தார்.

"நான் முன்னாடி போறேன் தம்பி. எனக்கு இதைவிட மெதுவாப் போனா பேலன்ஸ் வராது."

லிண்ட்ஸே தனியாக ஓட்டினார். ஸ்டான்ஹோப்புக்கு முன்னாலேயே விரலில் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. எல்மோர் வரும்போது ஊசி. அதைத் தாண்டியதும் பிரேக் கைப்பிடியின் ரப்பர் சொரசொரப்பு சுண்டுவிரலுக்குத் தெரிந்தது. கழுத்து வலிக்கவில்லை. இடுப்பு வலிக்கவில்லை. மணிக்கட்டு வலிக்கவில்லை. நூற்றெழுபதாவது கிலோமீட்டரில் உடம்பு முழுக்க ஒருமுறை தேடிப் பார்த்தார். குறை சொல்ல ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கால்கள் சுற்றின, மெதுவாகச் சுற்றின. இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னார். அவை கேட்டுக்கொண்டு அதே வேகத்தில் சுற்றின.

பதினொரு வருஷமாக, தான் பின்தங்குவது கையின் குற்றம் என்று அவர் நம்பியிருந்தார். கை மட்டும் சரியாக இருந்தால், அந்த முதுகு மட்டும் ஒத்துழைத்தால் என்று எத்தனையோ சாயங்காலம் கணக்குப் போட்டிருந்தார். இப்போது கை சரியாக இருந்தது. சைக்கிள் அருமையாக இருந்தது. சாலை சமதளம், காற்று பின்னாலிருந்து. எதிர் வயலில் நின்ற மாடு ஒன்று தலையைத் திருப்பி, அவர் கடந்து போகும்வரை பார்த்துவிட்டு, நேரமாகிறதே என்று திரும்பவும் மேயப் போயிற்று.

கிளப் ஷெட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி பத்து நிமிடம். கெடு முடிய இருபது நிமிடம் இருந்தது. டாரில் அட்டையில் கடைசி முத்திரையைக் குத்தினார். நாற்காலிகளை ஏற்கெனவே மடக்கி அடுக்கியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்னால், பிரான்வின் அவரைச் சிகிச்சை நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் எதையோ வைத்தாள். அவர் மெல்ல உருட்டிப் பார்த்தார். விளிம்பு தெரிந்தது. விளிம்பின் பல் பல்லான ஓரம்கூடத் தெரிந்தது.

"அஞ்சு."

எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள்.

"இதுவும் அஞ்சு. ஏமாத்தாதே."

கண்ணைத் திறந்தார். பிரான்வின் இரண்டு ஐந்து சென்ட் நாணயத்தையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அவர் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, ஓட்டிக்கோ," என்று சொல்லிவிட்டு முன்மேசைக்குப் போனாள்.

அன்று மதியம் அவர் டாரிலுக்குப் போன் செய்து, முதல் விதி துணைக்கமிட்டியின் பரிசீலனையில் இருப்பதாக இதழில் போடச் சொன்னார். நீக்கிவிட்டதாகவே போடலாமே என்றார் டாரில். அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும் என்றார் தலைவர். நெவிலுக்கும் போன் செய்தார். நெவில் எடுக்கவில்லை. இடைவேளையில் கூப்பிடுகிறேன் என்று செய்தி வந்தது.

புதன்கிழமை முடிவுப் பட்டியல் வந்தது. பதினேழு பேர் கிளம்பிப் பதினேழு பேரும் முடித்திருந்தார்கள். லிண்ட்ஸே ஹாட்ரிக் பதினேழாவது. அவருக்குப் பதினோரு நிமிடம் முன்னால் வந்த பதினாறாவது ஆள் ஐரீன் சொமர்வில்; வந்தது அந்தச் சின்னச் சக்கர மடக்கு சைக்கிளில். அந்த அம்மாள் வழியில் எல்மோரில் தன் தங்கை வீட்டில் இறங்கி, உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வந்திருந்தாள்.